பைன் காட்டில் கூடாரம் போடப் போகிறீர்களா? மட்டக்களப்பிலிருந்து போகிறவர்களுக்கு

போன வருடம் ஓகஸ்ட் விடுமுறையில், அப்புத்தளைப் பக்கம் ஒரு பைன் காட்டுக்குள், இரவு ஏழரை மணிக்கு, அப்போதுதான் அடித்து முடித்த கூடாரங்களைத் திரும்பப் பிடுங்கினோம். அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று காட்டு அதிகாரி ஒருவர் வந்து கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். எங்களிடம் ஒன்றும் இல்லை. "பைன் காட்டுல யாரும் ஒண்டும் கேக்கமாட்டாங்க, போங்க" என்று தெரிந்தவர் ஒருவர் ரெலிபோனில் சொன்னதை நம்பிப் போயிருந்தோம். பிள்ளைகள் இருவரும் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். அம்மா என் கையைப் பிடித்து, "மனே, பேசாம ஊருக்குக் கிறுகுவமா?" என்று கேட்டார். அந்த நேரத்தில் மலை இறங்க முடியாது. தோட்டத்துக் கோயில் ஒன்றின் மண்டபத்தைத் திறந்து, "உள்ள வந்து படுங்கண்ணே" என்று அங்குள்ளவர்கள் இடம் தந்ததால் விடிந்தது.

இந்த வருடம் பெப்ரவரியில் மறுபடியும் போனோம். அதே ஆறு பேர்: நான், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள், வான் ஓட்டிய மச்சான். பைன் காட்டை ஒட்டிய ஒரு தனியார் காணியில் இரண்டு இரவு நிம்மதியாகத் தங்கினோம். குழாய்த் தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை, குழிக் கழிப்பறை ஒன்று மட்டும். அப்படியான இடத்துக்கு முதல் தடவை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. காடு யாருடையது என்று முதலில் கேளுங்கள்

பைன் காட்டைப் பார்த்தால் ஆளில்லாத இடம் போலத் தெரியும். வேலி இருக்காது, பலகை இருக்காது. ஆனால் மரங்களை உற்றுப் பாருங்கள், வரிசையாக நிற்கும். நம் நாட்டில் பைன் தானாக முளைத்த மரம் அல்ல, நட்டது. நட்டவர் இருந்தால் உரிமையாளரும் இருப்பார். பெரும்பாலான பைன் காடுகள் வனப் பாதுகாப்புத் திணைக்களத்துடையவை. சில தோட்டக் கம்பனிகளுடையவை. சில இடங்களில் மரப்பட்டையை வெட்டி, கீழே பை கட்டிப் பிசின் எடுப்பார்கள். அப்படிப் பை தொங்கினால் அங்கே யாரோ தினமும் வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆகவே உங்களுக்கு மூன்று வழிகள். அரச காடு என்றால் அந்தப் பகுதி வன அலுவலகத்தில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். தோட்டக் காணி என்றால் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். மூன்றாவது, காட்டை ஒட்டிய காணியில் காசு வாங்கிக் கூடாரம் போட விடும் தனியார் இடம். முதல் தடவை போகிறவர்கள் இந்த மூன்றாவதையே எடுங்கள். கழிப்பறை இருக்கும், இரவில் கூப்பிட்டால் ஒரு ஆள் வருவார்.

ஹோட்டன் சமவெளியையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தேசிய பூங்கா. அங்கே தங்குவதென்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிந்து, அவர்கள் காட்டும் இடத்தில்தான் தங்கலாம். வாசலில் பொலித்தீன் சோதனையும் உண்டு. அதோடு அந்த இடம் 2,100 மீற்றருக்கு மேல். கடற்கரைப் பிள்ளைகளுக்கு முதல் அனுபவமாக அந்தக் குளிர் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

2. மாதம் பார்த்து நாள் குறியுங்கள்

பெப்ரவரி தொடக்கம் மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், பகல் தெளிவாக இருக்கும், இரவு மட்டும் நன்றாகக் குளிரும்.

ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை. மலைநாடு முழுக்கச் சனம், விலையும் ஏறும், பின்னேரங்களில் இடிமழையும் வரும். ஜூன் முதல் செப்ரெம்பர் வரை நமக்கு வசதியான விடுமுறை உண்டு, ஆனால் நமக்குக் கச்சான் வீசும் மாதங்கள் அவை. அதே தென்மேல் காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஊவா பக்கம் வெறுங்காற்றாக இறங்கி, நம்மிடம் சூடாக வந்து சேர்கிறது. பதுளை மாவட்டத்துப் பைன் காடுகள் அப்போது காய்ந்து கிடக்கும். அந்தப் பக்கம் காட்டுத்தீ வருவதும் இந்த மாதங்களில்தான். அப்புத்தளை மேட்டில் காற்று கூடாரத்தையே தூக்கும்.

ஒக்ரோபரிலிருந்து ஜனவரி வரை போகவே வேண்டாம். மழையை விடுங்கள், மண்சரிவு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது 2014 ஒக்ரோபர் 29 காலையில். எந்த மாதம் போனாலும் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பிருந்து வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பையும், தேசிய கட்டட ஆய்வு நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். பதுளை மாவட்டத்தில் நீங்கள் போகும் பிரதேச செயலகப் பிரிவுக்கு எச்சரிக்கை இருந்தால் பயணத்தை நிறுத்துங்கள். கட்டிய முற்பணம் போனால் போகட்டும்.

3. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்

போயா சேர்ந்து வரும் நீண்ட வார இறுதி என்றால் ஆறு வாரம் முன்பே பதியுங்கள். மற்ற நாட்களுக்கு மூன்று நான்கு வாரம் போதும். ரெலிபோனில் பேசி முடித்த பிறகு, பேசியதை அப்படியே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை: திகதி, எத்தனை இரவு, எத்தனை பேர், எத்தனை கூடாரம், நெருப்பு மூட்டலாமா, விறகு அவர்கள் தருவார்களா, வாகனம் கூடாரம் வரை போகுமா, மழை என்று நிறுத்தினால் முற்பணம் திரும்புமா.

வாகனக் கேள்வியை விடாதீர்கள். எங்கள் இடத்தில் வான் நிற்கும் இடத்திலிருந்து கூடாரத்துக்கு முக்கால் கிலோமீற்றர் ஏற்றம். மூன்று தண்ணீர்க் கான்களையும் மச்சானும் நானும் சுமந்தோம். அம்மாவுக்கு முழங்கால் நோ, நடந்து ஏற முக்கால் மணி நேரம் எடுத்தது. கேட்டிருந்தால் கீழே உள்ள திட்டியையே எடுத்திருப்போம்.

அனுமதிக் கடிதமோ பற்றுச்சீட்டோ சிங்களத்தில் வந்தால், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். எங்கள் பற்றுச்சீட்டில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு நெருப்பு இருக்கக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. பக்கத்து வீட்டு ஆசிரியர் வாசித்துச் சொல்லித்தான் தெரிந்தது.

கையில் இருக்க வேண்டியவை: பெரியவர்கள் எல்லோருடைய அடையாள அட்டை, பதிவின் அச்சுப் பிரதி, முற்பணம் கட்டிய வங்கிச் சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், வாகனத்தின் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி. வான் வேறொருவருடையது என்றால் அவருடைய கடிதமும் வேண்டும். ரெலிபோனில் மட்டும் வைத்திருக்காதீர்கள், மேலே பற்றரியும் போகும், சிக்னலும் போகும்.

4. காசுக் கணக்கு

ஆறு பேருக்கு இரண்டு இரவுக்கு எங்களுக்கு ஆன செலவு இது. இடத்துக்கு ஆளுக்கு ஓர் இரவு 1,500 ரூபாய்ப்படி 18,000. கூடாரம் இரண்டு, வாடகை 8,000. ஸ்லீப்பிங் பாக் ஆறுக்கு 6,000. காஸ் ரின் நான்கு 4,400. விறகு இரண்டு கட்டு 1,200. சாப்பாட்டுச் சாமான் 15,000. போகவர 400 கிலோமீற்றருக்கு 50 லீற்றர் டீசல் பிடித்தது, அது சுமார் 15,000. மொத்தம் 67,600. வான் மச்சானுடையது. வாடகை வான் என்றால் அது தனிக் கணக்கு, சாரதி இரவில் எங்கே தங்குவார் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

இதில் சேராதது கூடாரத்துக்குக் கட்டிய வைப்புப் பணம் 10,000. அது திரும்பி வரும், ஆனால் அந்த நேரத்தில் கையில் வேண்டும். வாடகைக் கடையில் இரண்டு விடயம் கேளுங்கள். கணக்கு இரவுக்கா நாளுக்கா? நாளுக்கு என்றால் எடுக்கும் நாளும் கொடுக்கும் நாளும் சேரும், இரண்டு இரவு நான்கு நாளாகிவிடும். அடுத்தது, எதற்கெல்லாம் வைப்புப் பணத்தில் கழிப்பார்கள்? சேறு, கிழிசல், தொலைந்த முளை என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள்.

அவசரத்துக்கு 10,000 ரூபாய் தாளாக வைத்திருங்கள். மலைக் கடைகளில் அட்டை எடுக்கமாட்டார்கள்.

5. கூடாரத்தை வீட்டு முற்றத்தில் ஒருமுறை அடியுங்கள்

"நாலு பேர் கூடாரம்" என்று எழுதியிருந்தால் இரண்டு பெரியவரும் ஒரு பிள்ளையும் பைகளும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுத்த அன்றே முற்றத்தில் அடித்துப் பார்த்து, மேலே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். தையல் வழியாக ஒழுகினால் உடனே மாற்றலாம். மேலே போய்க் கண்டுபிடித்தால் மாற்ற வழியில்லை. கல்லடிக் கடற்கரையில் அடித்துப் பழக நினைக்காதீர்கள், மணலில் முளை நிற்காது, பழகினதாகவும் ஆகாது. இருட்டில் ரோச் லைற் வெளிச்சத்தில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். கம்பிகளையும் முளைகளையும் எண்ணி, எண்ணிக்கையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. குளிர் கீழிருந்து வரும்

உயரம் 1,000 மீற்றர் கூடினால் சுமார் ஆறு பாகை குறையும். அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். இங்கே இரவில் 24 பாகை என்றால் அங்கே 15 அளவில் இருக்கும். வானம் தெளிந்த இரவில் இன்னும் இறங்கும், காற்றும் சேர்ந்தால் நமக்குத் தாங்காது.

எல்லோரும் மேலே போர்த்தக் கம்பளி கொண்டுபோகிறார்கள். உடம்புச் சூட்டை இழுப்பது கீழே உள்ள தரை. அதற்கு அம்மா கொண்டுவந்த பன்பாய்தான் எங்களைக் காப்பாற்றியது. கூடாரத்துக்குள் முதலில் தறப்பாள், அதன்மேல் இரண்டு பன்பாய், அதன்மேல் ஸ்லீப்பிங் பாக். பாயின் பன்னுக்குள் காற்று நிற்பதால் தரையின் குளிர் முதுகுக்கு ஏறவில்லை. ஓகஸ்டில் கோயில் மண்டபத்துச் சீமெந்தில் வெறும் பெற்சீற்றில் படுத்த முதுகுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது.

உடுப்பில், படுக்கும்போது போட என்று ஒரு சோடியைத் தனியாகப் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். பகலில் வியர்த்த உடுப்போடு படுத்தால் எத்தனை போர்வை இருந்தாலும் குளிரும். காலுறை, காதை மூடும் தொப்பி ஆளுக்கு ஒன்று.

குளிர் என்று கூடாரத்தின் எல்லாச் சன்னலையும் இழுத்து மூடாதீர்கள். முதல் இரவு அப்படிச் செய்தோம். காலையில் எங்கள் மூச்சே நீராகிக் கூரையிலிருந்து சொட்டியது. மேல் சன்னலைக் கையகலம் திறந்து வையுங்கள். இன்னொன்று, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள்: காஸ் அடுப்பையோ தணல் சட்டியையோ சூட்டுக்காகக் கூடாரத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

7. சாப்பாடும் தண்ணீரும்

முதல் நாள் மதியத்துக்குச் சோற்றுப் பார்சல். இரவுக்கு ரொட்டியும் சீனிச் சம்பலும். அடுத்த நாள் ஒரு நேரம் மட்டும் சோறு சமையுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் கொஞ்சம் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால் சோறு வேக நேரம் எடுக்கும், காஸும் அதற்கேற்பப் போகும். பருப்பை வீட்டிலேயே ஊறவைத்துக் கொண்டுபோங்கள்.

கருவாடு வேண்டாம். எனக்கும் அது இல்லாமல் சோறு இறங்காதுதான். ஆனால் அந்த மணத்துக்குக் காட்டுப்பன்றி வரும், நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். சாப்பாட்டுச் சாமான் எதுவும் இரவில் கூடாரத்துக்குள் இருக்கக்கூடாது, வானுக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லீற்றர். ஆறு பேருக்கு இரண்டு நாளைக்கு 20 லீற்றர்க் கான் மூன்று. மலை ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெரியும், மேலே தேயிலைத் தோட்டமும் லயன்களும் இருக்கும். மருந்தடித்த தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் மருந்து போகாது. கை கழுவ மட்டும் பாவியுங்கள்.

8. போகும் வழி

ஏ5 பாதைதான்: செங்கலடி, கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை. பதுளை வரை சுமார் 150 கிலோமீற்றர், பிறகு பண்டாரவளை வழியாக அப்புத்தளை. அம்பாறைக்காரர் உகணை வழியாக மகாஓயாவில் வந்து சேரலாம்.

காலை ஐந்து மணிக்குக் கல்லடியில் புறப்பட்டால் புல்லுமலைக்குப் போகும்போது வெளிச்சம் வந்துவிடும். புல்லுமலைக்கும் மகாஓயாவுக்கும் இடையில் யானை நடமாட்டம் உண்டு, அந்தத் துண்டை இருட்டில் ஓடாதீர்கள். லுணுகலைக்கும் பசறைக்கும் இடையில் வளைவுகள், ஒரு பக்கம் பள்ளம். ஹோர்ன் அடித்து மெதுவாகப் போங்கள். பிள்ளைகளுக்குச் சத்தி வரும் இடமும் அதுதான். பிபிலையில் வயிறு நிறையச் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.

பஸ்ஸில் போகிறவர்கள் பதுளையில் இறங்கி மாறலாம். பதுளையிலிருந்து ரயிலை நம்புவதென்றால் அன்று ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள், மண் சரிந்தால் அந்தப் பாதை நின்றுவிடும்.

மதியம் இரண்டு மணிக்குள் இடத்தில் நிற்க வேண்டும். நான்கு மணிக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கினால் எதிரில் நிற்கும் மரமே தெரியாது.

9. கூடாரம் அடிக்கும் இடம்

முதலில் நிமிர்ந்து பாருங்கள். காய்ந்த கொப்பு தொங்கும் மரத்தின் கீழே அடிக்காதீர்கள். பள்ளத்திலும் வேண்டாம், மேட்டின் உச்சியிலும் வேண்டாம். பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், உச்சியில் காற்றும் இடியும்.

பைன் ஊசிகள் மெத்தை மாதிரிக் கிடக்கும். அதில் முளையை அடித்தால் வெண்ணெயில் கத்தி போல இறங்கும், அதே சுகத்தில் வெளியேயும் வரும். முளை அடிக்கும் இடத்தில் மட்டும் ஊசிகளை விலக்கி, மண்ணைக் கண்டுபிடித்து, சாய்வாக அடியுங்கள். காற்றுப் பக்கக் கயிறுகளை அடிமரத்தில் கட்டலாம், பிசின் எடுக்கும் மரத்தில் வேண்டாம். சரிவில் நடக்கும்போது இந்த ஊசிகள் எண்ணெய் தடவினது போல வழுக்கும். பாட்டா செருப்பு கூடாது, பிடிப்புள்ள சப்பாத்து போடுங்கள்.

10. நெருப்பு

பைன் ஊசியும் பிசினும் எரியவென்றே கிடப்பவை. ஒரு பிடி காய்ந்த ஊசியை, எங்களுக்கு இடம் தந்த வீட்டுக்காரர் தன் அடுப்பில் போட்டுக் காட்டினார். மண்ணெண்ணெய் ஊற்றினது போல ஒரு ஆள் உயரத்துக்கு எழுந்து, மூச்சு விடும் நேரத்தில் அடங்கிவிட்டது. என் பிள்ளைகளுக்கு அதன்பின் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்காரர் கல் அடுக்கிய இடத்தில் மட்டும் நெருப்பு. காஸ் அடுப்பையும் ஊசி விலக்கிய வெறும் மண்ணில் வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும், அது குடிக்கும் தண்ணீரில் சேராது. காற்று எழுந்தால் அன்று நெருப்பு இல்லை, பிள்ளைகள் அழுதாலும் இல்லை. படுக்கும் முன் தண்ணீர் ஊற்றி, தடியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்ட வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு தடவை. ஒதுக்கக் காட்டுக்குள் நெருப்பு வைப்பது சட்டப்படி குற்றம். சிகரட் துண்டும் அதில் சேரும்.

11. குளவி, அட்டை, அவசரம்

குளவிக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். தோட்டத்துத் தொழிலாளர்கள் குளவி கொட்டி இறந்த செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். வந்ததும் வீட்டுக்காரரிடம் கூடு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அந்தப் பக்கம் கல்லெறிதல், புகை, சத்தம் மூன்றும் கூடாது.

அட்டை பைனுக்குள் குறைவு, ஓடைக்கரைப் புல்லில் உண்டு. காலுறைமேல் சவர்க்காரம் தடவுங்கள். கடித்தால் பிடுங்காமல் உப்பு போடுங்கள், தானாக விழும்.

அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. இவற்றையும் வீட்டுக்காரரின் இலக்கத்தையும் தாளில் எழுதி எல்லோர் பையிலும் வையுங்கள். சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கும் என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்துவிடுங்கள்.

12. திரும்பும் நாள்

ஒன்பது மணிக்கு மூட்டை கட்டினால்தான் மகாஓயாவை வெளிச்சத்தில் தாண்டலாம். குப்பை முழுவதும் உங்களோடு ஊருக்கு வர வேண்டும், பிள்ளையின் நாப்கின் உட்பட. முளைகளை எண்ணுங்கள், நீங்கள் எடுத்த படத்தோடு ஒத்துப் பாருங்கள்.

கூடாரத்தில் பைன் பிசின் ஒட்டியிருக்கும். தண்ணீரோ சவர்க்காரமோ அதை அசைக்காது, தேய்த்தால் பரவும். பழைய சீலைத் துண்டில் தேங்காய் எண்ணெய் தொட்டு, மெதுவாக வட்டமாகத் தடவி, பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். பிறகு எண்ணெய் போகச் சவர்க்காரம். கைக்கும் தலைமயிருக்கும் இதே வைத்தியம்தான். கழுவின கூடாரத்தை மடிக்கும் முன் மடிப்புகளுக்குள் கை விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடித்து வைப்புப் பணம் போய்விடும். எங்கள் முற்றத்து வெயிலில் ஒரு பகல் போதுமாக இருந்தது. அடுத்த நாள் கடையில் கொடுத்து, 10,000 ரூபாயையும் எண்ணி வாங்கிக்கொண்டு வந்தோம்.